பதினோராவது ஆள்

“தனக்கோ தன் உறவினருக்கோ சம்பந்தமுள்ள கடதாசி எதையும் எந்த உத்தியோகத்தரும் தாமே தீர்க்கலாகாது. கண்டவுடன் அதை மற்றோர் உத்தியோகத்தரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் குறிப்பும் எழுதிவைக்க வேண்டும்.” நான் வேலை பார்த்த கந்தோரில் இப்படி ஓர் ஒழுங்கு இருந்தது. இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல்நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவனும் நான்தான். ஓய்வு பெறும்வரை இந்த ஒழுங்கை ஒரே ஒரு முறை மீறினேன். மீறுகிறேன் என்று தெரியாமலே மீறினேன்.

பெரிய யுத்தம் முடிந்த வருடத்து மார்கழி மாதம் அது நடந்தது. அப்போது மன்னார்ப் பட்டினத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இரண்டாம் கிளாக்கராக இருந்தேன். எந்தக் கந்தோர் என்று சொல்லத் தேவையில்லை. யுத்தம் முடிந்த சந்தோசத்தில் கட்டிய கொடிகளை அவிழ்ப்பதற்கு முன்பே காய்ச்சல் வந்துவிட்டது. கப்பலில் வந்தது என்றார்கள். ரயிலில் வந்தது என்றார்கள். தெருவில் திரியும் கழுதைகள்தான் பரப்புகின்றன என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மன்னாரில் எதற்கும் கழுதைகள்மேல் பழி போடலாம். அவை மறுத்துப் பெட்டிசம் போடமாட்டா.

காய்ச்சலுக்குப் பின்னால் நோட்டீசுகள் வந்தன. முதல் நோட்டீசு, பத்துப் பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக்கூடாது, வீட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள் என்றது. ஒரு கிழமை கழித்து வந்த இரண்டாவது, ஒரு கூரையின் கீழ் பத்துப் பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. முதலாவது ரத்தா இல்லையா என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. கந்தோருக்குத் தலைவரான வெள்ளைக்காரத் துரையிடம் எழுதிக் கேட்டேன். என் குறிப்பின் ஓரத்தில் “பார்த்தேன்” என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மூன்றாவது நோட்டீசு பிரயாணம் பற்றியது. மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகிறவர், காய்ச்சல் இல்லை என்று டொக்டர் எழுதும் துண்டும் கந்தோரின் பாசும் வைத்திருக்க வேண்டும். டொக்டரின் துண்டு மூன்று நாளைக்குத்தான் செல்லும். பாஸ் எடுக்க நாலு நாள் செல்லும். மூன்றையும் தமிழில் மொழிபெயர்த்தவன் நான். மொழிபெயர்த்தவனுக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் பாவனை செய்தேன்.

பட்டினத்திலேயே உப்புக்குளத்தில் ஒரு வியாபாரியின் வளவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்த முஸ்லிம் மனிதர். தம்பியின் குடும்பத்தையும் தன்னோடு வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் நோட்டீசு ஒட்டிய அன்று என் அறை வாசலில் வந்து நின்றார்.

“கிளாக்கர் தம்பி, ஒரு கூரைக்குக் கீழை பத்துப் பேராம். என்ர வீட்டில நாங்களே பதினொண்டு. ஆரை வெளியில விட?”

“வீட்டில் இருக்கிற ஆக்கள் கணக்கிலை வராது, காக்கா.”

“அது முந்தின நோட்டீசு. புதுசில அப்படி இல்லையே. ஒட்டின ஆளையே கேட்டனான். அவருக்கும் தெரியாதாம்.” சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி.

என் சொந்தக் கவலை வேறு. என் மனைவி பிள்ளைப்பேற்றுக்காகப் பெருநிலத்தில், இலுப்பைக்கடவையில் தாய் வீட்டில் இருந்தாள். கார்த்திகை மாதம், நவம்பர் இருபத்தாறாம் திகதி, எங்கள் முதல் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை என்று தபால் வந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பது எங்கள் வழக்கம். வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஐயரைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் பெயர் வைத்து, சொந்தக்காரருக்குச் சோறு போடுவார்கள். எண்ணிப் பார்த்தால் டிசம்பர் இருபத்தாறு, கிறிஸ்தவர்களின் நத்தாருக்கு அடுத்த நாள். நத்தார் விடுமுறையோடு ஒட்டி வருகிறது. இதைவிட வசதியாக ஒரு பிள்ளை பிறக்க முடியாது என்று நினைத்தேன். ஆனால் அந்த மாதம் கைப்பிள்ளைகளும் பிள்ளை பெற்ற பெண்களும் காய்ச்சலில் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த விடுமுறை தைப்பொங்கலுக்குத்தான். தைப்பொங்கலுக்கு யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத நேரம். நத்தாருக்குப் போகாவிட்டால் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று பயந்தேன்.

கந்தோரில் பெட்டிசங்கள் குவிந்தன. நத்தார்ப் பூசைக்கு, கலியாணத்துக்கு, மவுலூதுக்கு, அந்தியேட்டிக்கு என்று எல்லாரும் கூடுவதற்கு அனுமதி கேட்டார்கள். விசேட காரணம் இருந்தால் ஒழிய எல்லாவற்றையும் மறுக்கும்படி மேலிடத்து உத்தரவு. விசேட காரணம் என்பது எது என்று கேட்டு எழுதினோம். அது விசேடமான காரணம் என்று பதில் வந்தது. ஆகவே எல்லாவற்றையும் மறுத்தோம். நான் ஒரு படிவம் தயாரித்தேன். “உமது மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. அனுமதி மறுக்கப்படுகிறது.” பெயரையும் திகதியையும் நிரப்பி, துரைக்காக என்று எழுதி, நான் கையெழுத்து வைத்தால் போதும்.

பெட்டிசம் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள். முதல் வரியில் பெயர். கடைசி வரியில் வேண்டுகோள். நடுவில் கண்ணீர். நடுவை நான் வாசிப்பதில்லை. அப்படி வாசிக்காமல் ஒரு காலை நேரத்துக்குள் மேசையைத் துப்புரவாக்கிவிடுவேன். முதலாம் கிளாக்கர் இரண்டு நாள் எடுப்பார். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

என்னுடைய பாசுக்கான விண்ணப்பத்தை மட்டும் நான் தொடவில்லை. ஒழுங்குப்படி முதலாம் கிளாக்கரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததாகக் குறிப்பும் எழுதிவைத்தேன். அவர் என்மேல் கொண்ட அன்பினால் ஐந்து நாள் வைத்திருந்தார். அதற்குள் டொக்டரின் துண்டு காலாவதியாகிவிட்டது. இரண்டாம் முறை போனபோது டொக்டர் நாக்கைக்கூடப் பார்க்கவில்லை. “போன முறை நல்லாத்தானே இருந்தது” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நத்தாருக்கு முதல்நாள் விடிய வெளிக்கிட்டேன். துறையில் காவல் நின்றவன் என் பாசைக் கையில் வாங்கவும் இல்லை. போறவைக்குத் தேவையில்லை, வாறவைக்குத்தான் என்றான். வள்ளத்தில் அக்கரைக்குப் போனேன். அக்கரைக் காவல்காரன் பாசை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இக்கரைக் காவல்காரனின் கையெழுத்து இல்லையே என்றான். திரும்பி வந்தேன். இக்கரையில் நின்றவன், தனக்குக் கையெழுத்து வைக்க அதிகாரம் இல்லை என்றும், வேண்டுமானால் பெருவிரல் வைக்கலாம் என்றும் சொன்னான். வைத்தான். அக்கரையில் அது போதுமானதாக இருந்தது. அன்று அந்தத் துறையை மூன்று முறை கடந்தேன். ஒவ்வொரு முறையும் வள்ளத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தோம். வள்ளத்துக்குக் கூரை இல்லையாதலால் அது குற்றமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மாட்டுவண்டி. மாரி மழையில் கரையோரப் பாதை பாதையாகவே இல்லை. வழியில் ஒரு கடையில் படுத்து எழும்பி, நத்தாரன்று பின்னேரம் இலுப்பைக்கடவைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர் வாசலிலேயே விதானையார் வண்டியை மறித்தார். அரசாங்கத்துக்காக அந்த ஊரைப் பார்த்துக்கொள்பவர் அவர். என் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்து சாப்பிட்டவர். தன் வீட்டு விறாந்தையின் ஒரு மூலையில் எனக்குக் கதிரை போட்டு, மற்ற மூலையில் தான் இருந்துகொண்டு, பாசையும் துண்டையும் வாசித்தார். பெருவிரல் அடையாளத்தையும் வாசிப்பது போல நெடுநேரம் பார்த்தார்.

“எல்லாம் சரி ஐயா. ஆனா அந்த வீட்டிலை இப்ப பத்துப் பேர். நீங்கள் போனா பதினொண்டு.”

நான் சிரித்தேன். அந்த நோட்டீசைத் தமிழில் எழுதியவன் நான் என்றேன். வீட்டில் வசிப்பவர்களைக் கணக்கெடுப்பதில்லை என்றும் சொன்னேன்.

“வழக்கமாய் வசிக்கிற ஆக்கள் எண்டெல்லோ கிடக்கு. நீங்கள் வழக்கமாய் வசிக்கிறது மன்னாரிலை. அதோடை அது முந்தின நோட்டீசு ஐயா.”

அப்படியானால் பத்தை எண்ணிக் காட்டச் சொன்னேன். மாமி, என் மனைவி, அவளுடைய தங்கைமார் இருவர், தமையன், அவர் பெண்சாதி, அவர்களின் பிள்ளைகள் மூவர். ஒன்பது.

“உங்கட பிள்ளை?”

முப்பது நாள் பிள்ளையை ஓர் ஆள் என்று எந்த நோட்டீசில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

“மூச்சு விடுதெல்லோ ஐயா. நோட்டீசு மூச்சுக்குத்தானே.”

கடைசியில், வீட்டுக்காரர் முன்கூட்டியே அனுமதி எடுத்திருக்க வேண்டாமா என்று குறைபட்டேன். முறைப்படி விண்ணப்பித்திருந்தால் விசேட காரணம் என்று பார்த்திருப்பார்களே என்றும் சொன்னேன். விதானையார் என்னை ஒருவிதமாகப் பார்த்தார். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து ஒரு கடதாசிக் கட்டை எடுத்து வந்து, நடுத்தரையில் வைத்துவிட்டுத் தன் மூலைக்குப் போனார். நான் போய் எடுத்தேன். என்னுடைய படிவம். உமது மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. என் கையெழுத்து.

“இது ஆர்?” என்று பெயரைத் தொட்டுக் கேட்டேன்.

விதானையார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “உங்கட மாமி, ஐயா” என்றார்.

வாசிப்பவர்கள் இதை நம்ப வேண்டும். கலியாணமாகி இரண்டு வருடம். எனக்கு என் மாமியின் பெயர் தெரியாது. வீட்டில் அவரை அம்மா என்பார்கள், உறவில் மூத்தவர்கள் பிள்ளை என்று கூப்பிடுவார்கள். அயலவர்கள் அக்கா என்பார்கள். நான் மாமி என்பேன், அதுவும் மூன்றாம் ஆளுக்குச் சொல்லும்போதுதான். எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பது குறைவு. ஏதும் சொல்வதென்றால் நடுவில் ஒருவரை வைத்துத்தான் சொல்வோம். கலியாணப் பதிவில் பெண்ணின் தகப்பன் பெயரைக் கேட்டார்கள், தாயின் பெயரை யாரும் கேட்கவில்லை. உறுதிக் கடதாசிகளில் மட்டும் உயிரோடு இருந்த அந்தப் பெயரைத்தான் பெட்டிசம் எழுதியவர் முதல் வரியில் போட்டிருந்தார்.

படிவத்தோடு கட்டியிருந்த பெட்டிசப் பிரதியில் முதல் முறையாக நடுப்பகுதியை வாசித்தேன். “குழந்தையின் தகப்பனார் மன்னாரில் அரசாங்க உத்தியோகத்தில் உள்ளவர். தம் பிள்ளையை இன்னும் கண்டவரல்லர். காய்ச்சல் காலமாதலால் நாளை இருப்பார் யாரென்று தெரியாது.” தகப்பனாரின் பெயர் இல்லை. மாமி மருமகன் பெயரை வாயால் சொல்லமாட்டார். பெட்டிசம் எழுதியவர் கேட்டும் சொல்லவில்லையாம்.

“எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாமே” என்றேன்.

“நானும் சொன்னனான் ஐயா. அக்கா கேக்கேல்லை. மருமேனிட்டைச் சொன்னா, சொந்தக்காரருக்குப் பார்த்துச் செய்தவர் எண்டு அவருக்குக் கெட்ட பேர் வரும், முறைப்படி போடுவம் எண்டவ.”

நான் மனப்பாடமாகச் சொல்லும் ஒழுங்கை, அதை ஒருபோதும் வாசிக்காத ஒருவர் என்னைவிட நன்றாகக் கடைப்பிடித்திருந்தார். அந்த விறாந்தையில் மழைச் சத்தத்தில் இருந்தபடி இதைத்தான் யோசித்தேன்.

அதற்குள் செய்தி போய்விட்டது. மாமி சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, விதானையாரின் படலைக்கு வெளியே நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

“வந்தவரை ஏன் மழைக்குள்ளை வைச்சிருக்கிறியள்? வீட்டை விடுங்கோ.”

“பத்துப் பேர் எல்லோ அக்கா.”

“நான் வயல் கொட்டிலுக்குப் போறன். அப்ப ஒம்பது. அவரோடை பத்து. எழுதிக்கொள்ளுங்கோ.”

நான் எழும்பினேன். கொட்டிலில் நான் இருக்கிறேன், பிள்ளையை வேலிக்கு அருகில் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று மாமியிடம் சொல்லும்படி விதானையாரிடம் சொன்னேன். விதானையார் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது.

“வயலுக்குக் காட்டுப் பண்டி வரும். பண்டியிட்டைப் பாஸ் கேட்டுக்கொண்டு நிப்பாரோ எண்டு கேளுங்கோ.”

மைத்துனரை அனுப்பலாமே என்று கேட்க நினைத்தேன். அவர் காலில் மண்வெட்டி வெட்டி ஒரு கிழமையாகப் படுக்கை. மற்றவர்கள் பெண்களும் சிறுவர்களும். மாமி வீட்டுக்காரி. யார் வெளியே போவது என்று அவர்தான் முடிவு செய்தார். நடந்து போனார். நான் உள்ளே போனேன். காய்ச்சலுள்ள பட்டினத்திலிருந்து வந்தவன் கூரைக்குள்ளே, காய்ச்சல் தெரியாத மனிசி மழைக்குள்ளே. நோட்டீசுப்படி எல்லாம் சரியாக இருந்தது.

பிள்ளை என்னைப் பார்த்துத் தும்மியது. அந்த மாதத்தில் தும்மல் சத்தம் கேட்டால் எல்லாரும் ஓரடி பின்வாங்குவார்கள். நானும் பின்வாங்கினேன். பிறகு வெட்கப்பட்டு முன்னால் போய் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சின்ன ஆளை அதற்கு முன் நான் கையில் வைத்திருந்ததில்லை. விதானையார் இதையும் ஓர் ஆளாக எண்ணியது பிழையில்லை என்று தோன்றியது.

மனைவி என் கடிதங்களை வாசித்து வாசித்து என் எழுத்தைத் தெரிந்து வைத்திருந்தாள். மறுப்பு வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டாளாம். சொந்தக்காரர் சிலர் கோபப்பட்டார்களாம். மாமிதான், மருமகன் யோசியாமல் செய்யமாட்டார், வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று சொல்லி, வரவிருந்த இருபது பேரையும் வராமல் நிறுத்திவிட்டாராம். ஐயரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

“எங்கட மனு எண்டு தெரிஞ்சுதானே மறுத்தனீங்கள்?” என்று கேட்டாள். பிள்ளை என் கையில் இருந்தது.

“ஓம்” என்றேன்.

அந்த “ஓம்” என்ற ஒரு சொல்லை நான் செய்த எல்லாக் கந்தோர் வேலைகளோடும் சேர்த்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன். இதுதான் பாரம்.

அடுத்த நாள் ஐயரில்லாமல் துடக்குக் கழித்தோம். மைத்துனர் பெண்சாதி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். எந்த மூலையை விட்டுவிட்டார் என்று வேலிக்கு அப்பால் நின்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் படலையில் வைத்துச் சோறு கொடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் விடிய நான் வண்டி ஏறினேன். அதற்குப் பிறகுதான் அவர் தன் வீட்டுக்குள் போனார்.

உப்புக்குளத்துக்குத் திரும்பியபோது காக்காவின் வளவு அமைதியாக இருந்தது. நான் வெளிக்கிட்ட அன்று பின்னேரமே அங்கே காய்ச்சல் தொடங்கியிருந்தது. ஒரு கிழமைக்குள் அவருடைய தம்பியும், தம்பியின் மூத்த மகளும் போய்விட்டார்கள். மையத்து எடுக்கவும் பத்துப் பேருக்கு மேல் போகவில்லை. சில நாள் கழித்துக் காக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். நான் எழும்பினேன்.

“இப்ப ஒம்பது, தம்பி” என்றார். “நோட்டீசுப்படி சரி.”

அவர் போன பிறகுதான் எனக்கு மற்றது உறைத்தது. நான் அந்த வளவிலிருந்து நேரே இலுப்பைக்கடவைக்குப் போயிருக்கிறேன். டொக்டரின் துண்டில் என் நாக்கு நல்ல நாக்கு. அந்த நாக்கோடு போய்ப் பிள்ளையின் முகத்தருகே கதைத்திருக்கிறேன். கடிதம் எழுதினேன். மழைக்குத் தபால் ஓடவில்லை. பன்னிரண்டு நாள் பதில் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் கந்தோரில் என் முன்னால் வந்த பெட்டிசங்களை நடுவிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். மேசை துப்புரவாகவில்லை. முதலாம் கிளாக்கர் சந்தோசப்பட்டார்.

பதிமூன்றாம் நாள் கடிதம் வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்து ஊரில், மறுப்பை மதியாமல் கூடிச் சாப்பிட்ட ஒரு கலியாண வீட்டில் நாலைந்து பேர் செத்துப்போனார்கள் என்றும் எழுதியிருந்தாள். இலுப்பைக்கடவையில் இப்போது என்னைப் பற்றித்தான் பேச்சாம். மருமகன் முன்கூட்டியே யோசித்து மறுத்ததால் வீடு தப்பியது என்று மாமி கிணற்றடியில் சொல்ல, ஊர் முழுக்க நான் ஞானியாகிவிட்டேனாம்.

என் மறுப்பு அவர்களைக் காப்பாற்றியதா? காப்பாற்றியிருக்கலாம். நானே காய்ச்சலைக் கொண்டுபோயிருக்கக் கூடுமா? அதுவும் கூடும். வாசிக்காமல் செய்தது சரியாகவும், வாசித்த பிறகு சொன்னது பொய்யாகவும் எப்படி ஆகலாம்? எந்தக் கணக்கில் எதைப் போடுவது என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

தெரியாதபோது கந்தோர்க்காரன் செய்யக்கூடியது ஒன்றுதான். எழுதினேன். இன்ன ஒழுங்கை மீறி, என் உறவினரின் மனுவை நானே, அதுவும் வாசியாமல், தீர்த்துவிட்டேன், உரிய நடவடிக்கை எடுக்கவும் என்று என்மேல் நானே முறைப்பாடு செய்தேன். துரை கூப்பிட்டு, உன் மாமியின் பெயர் உனக்குத் தெரியாதா என்று மூன்று முறை கேட்டார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை, நம்பிக்கைதான் இல்லை. விளக்கம் எழுதித் தரச் சொன்னார். எங்கள் வழக்கத்தை இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அது மேலிடத்துக்குப் போனது. அங்கிருந்து வேறு கேள்விகள் வந்தன. பதில் எழுதினேன். மாசி போய், பங்குனி போய், சித்திரையும் போனது. காய்ச்சல் ஓய்ந்து நோட்டீசுகளைக் கிழித்தார்கள். இரண்டு நோட்டீசில் எது செல்லும் என்ற கேள்விக்குப் பதில் வராமலே இரண்டையும் கிழித்தார்கள். மனைவியும் பிள்ளையும் மன்னாருக்கு வந்தார்கள். நான் உண்மையைச் சொல்லவில்லை. மேலிடத்துத் தீர்ப்பு வந்த பிறகு சொல்வோம் என்று வைத்திருந்தேன். பயத்துக்குத் தவணை போடுவதற்கு அதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஜூலை எட்டாம் திகதி தீர்ப்பு வந்தது. மனுதாரர் தம் மாமியார் என்பதை உத்தியோகத்தர் அறிந்திருக்கவில்லை. அறியாத உறவு இவ்வொழுங்கின்படி உறவாகாது. ஆகவே மீறல் இல்லை. மறுப்பு முறையானது. விடயம் முடிக்கப்படுகிறது. கீழே ஒரு வரி: இனிமேல் இப்படியான அவசியமற்ற கடிதப் போக்குவரத்தைத் தவிர்க்கவும்.

அந்தச் சனிக்கிழமையே குடும்பத்தோடு இலுப்பைக்கடவைக்குப் போனேன். துறையில் காவல் இல்லை. மாமி முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். நடுவில் யாரையும் வைக்காமல், முதல் முறையாக நேரே அவரைப் பார்த்துச் சொன்னேன். உங்கள் மனு என்று தெரியாது, வாசிக்கவே இல்லை, தெரிந்து மறுத்தேன் என்றது பொய் என்றேன்.

மாமி அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்து நெருப்பைக் குறைத்தார். நிமிரவில்லை.

“அது அண்டைக்கே தெரியும்” என்றார். “தெரிஞ்சு மறுத்திருந்தா, ஏன் மறுத்தனான் எண்டு என்ரை மோளுக்கு ஒரு துண்டு எழுதியிருப்பியள். கறியிலை உப்புக் கூடினாலே காரணம் கேட்டு எழுதுற ஆள். துண்டு வரேல்லை. அப்பவே விளங்கிப்போச்சு.”

“அப்ப ஏன் ஊரெல்லாம் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“வேறை என்ன சொல்ல? மருமேனுக்கு மாமியின்ரை பேர் தெரியாதாம் எண்டு சொல்லவோ? அது எனக்கெல்லோ மரியாதைக்கேடு.” பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இப்ப தெரியுமோ?”

“ஓம்.”

“சொல்லுங்கோ பாப்பம்.”

சொன்னேன். தகப்பன் பெயரோடு முழுவதும் சொன்னேன். உள்ளே மனைவி சிரித்த சத்தம் கேட்டது. மாமி தலையை ஆட்டிவிட்டு, பாதி அவிந்த நெல்லைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஓய்வு பெற்றுச் சில வருடங்களாகின்றன. கைக்கு வரும் எந்தக் கடதாசியையும் இப்போது நடுவிலிருந்துதான் வாசிக்கிறேன், பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன். மேலிடத்துப் பதில் எங்கோ ஒரு பெட்டியில் மங்கிப்போயிருக்கும். நான் அரை வருடத்துக்கு மேல் உண்மையில் காத்திருந்த பதில், மாமியின் பதில், வாய்ப்பேச்சாக, நெல் அவிக்கும் புகைக்குள், முற்றத்தில் வைத்துக் கிடைத்தது. கிடைத்த திகதி ஜூலை பன்னிரண்டு.